பட்டியலை எழுதியது யார்? – அமெரிக்க மருத்துவ முன்படிப்பின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

சென்ற கோடையில் நியூ ஜேர்சியில் ஓர் உறவினர் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தேன். அந்த வீட்டின் மூத்த பெண் பிள்ளை பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டுக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. உயிரியல் ஒரு வருடம், பொது இரசாயனம் ஒரு வருடம், சேதன இரசாயனம் ஒரு வருடம், பௌதிகவியல் ஒரு வருடம், ஆங்கிலம் ஒரு வருடம். பின்னர் உயிரிரசாயனம், புள்ளிவிபரவியல், உளவியல், சமூகவியல். அதன் கீழே ஆஸ்பத்திரியில் தொண்டு வேலை, ஆய்வுகூட அனுபவம், மூன்று பேராசிரியர்களின் சிபாரிசுக் கடிதங்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில் எம்கற் பரீட்சை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு சிறு சதுரம். முடிந்ததும் சரி போடுவதற்காக.

வீட்டில் எல்லோரும் அந்தத் தாளைச் சுற்றியே நடமாடினார்கள். பிள்ளையின் அம்மம்மா மட்டும் ஒரு நாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாசித்துவிட்டு, "உதை ஆர் பிள்ளை எழுதினது?" என்று கேட்டார். "அது அப்பிடித்தான் அம்மம்மா, எல்லாருக்கும் உதுதான்" என்றாள் பேத்தி.

அம்மம்மா 1970களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சை எழுதி, மருத்துவத்துக்கு நூலிழையில் இடம் தவறிப்போனவர். வாசலில் ஒரு பட்டியல் தொங்கும்போது அதை எழுதியவர் யார் என்று கேட்க வேண்டும் என்பது அவருக்கு அனுபவத்தால் தெரிந்த விடயம். பேத்திக்கோ அது இயற்கை விதி. இந்தக் கட்டுரை அம்மம்மாவின் கேள்விக்கு விடை தேடும் ஒரு முயற்சி.

1. பட்டியலுக்கு முந்திய காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் பகுதியில் அமெரிக்காவில் மருத்துவம் படிக்க முன்படிப்பு எதுவும் தேவைப்படவில்லை. மருத்துவக் கல்லூரிகள் பெரும்பாலும் ஒரு சில வைத்தியர்கள் சேர்ந்து நடத்திய வியாபார நிலையங்கள். மாணவர் விரிவுரைகளுக்குச் சீட்டு வாங்குவார். சீட்டுக் காசு நேரே பேராசிரியரின் பைக்குள் போகும். ஏறத்தாழ நான்கு மாதங்கள் கொண்ட ஒரு தவணை. அடுத்த வருடம் அதே விரிவுரைகள் மறுபடியும். இரண்டாவது தவணை முடிந்ததும் ஒரு வாய்மொழிப் பரீட்சை, பிறகு பட்டம். மாணவர் தொகை கூடினால் வருமானம் கூடும் என்பதால் எவரையும் திருப்பி அனுப்புவதில் எவருக்கும் அக்கறை இருக்கவில்லை.

1869இல் சாள்ஸ் எலியட் ஹாவார்ட் பல்கலைக்கழகத் தலைவராக வந்து, மருத்துவ மாணவர்களுக்கு எழுத்துப் பரீட்சை வைக்க வேண்டும் என்றபோது, அங்கே சத்திரசிகிச்சைப் பேராசிரியராயிருந்த ஹென்றி பிகலோ எதிர்த்தார். மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஒழுங்காக எழுதவே வராது என்பதே அவர் சொன்ன காரணம். நாட்டின் மிகப் பழைய பல்கலைக்கழகத்தின் நிலையே இதுவென்றால் ஏனையவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1871இல் எலியட் தன் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

இந்தப் பழைய காலத்து அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் ஒன்றிலிருந்து வந்த ஒருவர் எமக்கும் தெரிந்தவர்தான். மாசசூசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்ரர் நகரில் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், 1845இல் நியூயோர்க்கில் மருத்துவப் பட்டம் பெற்று, 1847இல் இலங்கைக்கு வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். இடையில் தாய்நாடு போய் 1862இல் திரும்பி வந்து, 1873 வரை இருந்தார். அறுபதுக்கும் மேற்பட்டவர்களை அவர் வைத்தியர்களாக்கினார். அவருடைய ஆரம்ப மாணவர்கள் பலருக்கு வட்டுக்கோட்டைச் செமினரியின் கல்வி பின்புலமாயிருந்தது. கணிதமும் இயற்கை விஞ்ஞானமும் அங்கே ஏற்கெனவே கற்பிக்கப்பட்டன. இன்றைய மொழியில் சொன்னால் அதுவே அவர்களின் முன்படிப்பு.

1860களில் கிறீன் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். 'இரணவைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' போன்ற நூல்கள் அவ்வாறு வந்தவை. அவற்றோடு 'கெமிஸ்தம்' என்ற பெயரில் இரசாயன நூலும் வந்தது. மருத்துவத்துக்கு முன் அறிந்திருக்க வேண்டியதை மாணவனின் மொழிக்குள் கொண்டுவருவது என்பது கிறீனின் வழி. இதிலே அவருக்கு மத நோக்கமும் இருந்தது. தமிழில் படித்தவன் அரசாங்க உத்தியோகம் தேடி ஊரை விட்டுப் போகமாட்டான் என்ற கணக்கும் இருந்தது. ஊரை விட்டு வெகுதூரம் வந்துவிட்ட நாம் அந்தக் கணக்கை ஒரு கசந்த சிரிப்போடுதான் வாசிக்க முடியும். என்றாலும், முன்படிப்பு என்ற கேள்விக்கு இப்படியும் ஒரு விடை இருந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்வோம். ஏனெனில் அடுத்து வந்த விடை இதற்கு நேரெதிரானது.

2. பால்ற்றிமோர், 1893

பட்டியலின் பிறப்பிடம் பால்ற்றிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம். அதன் கதை பணத் தட்டுப்பாட்டில் தொடங்குகிறது. வணிகர் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் 1873இல் இறந்தபோது பல்கலைக்கழகத்துக்கும் ஆஸ்பத்திரிக்குமாக எழுபது இலட்சம் டொலர் விட்டுச்சென்றார். பல்கலைக்கழகம் 1876இலும் ஆஸ்பத்திரி 1889இலும் திறக்கப்பட்டன. ஆனால் பல்கலைக்கழகத்தின் பங்கு பெரும்பாலும் ஒரு புகையிரதக் கம்பனியின் பங்குகளில் முடங்கியிருந்தது. கம்பனி நொடிந்து இலாபப் பங்கு நின்றதும் மருத்துவக் கல்லூரி திறக்கக் காசில்லை.

இந்த இடத்தில் நான்கு பெண்கள் நுழைகிறார்கள். மேரி எலிசபெத் கறற், கெயரி தோமஸ், மேரி குவின், எலிசபெத் கிங். நால்வரும் அந்த நிறுவனங்களின் நம்பிக்கைப் பொறுப்பாளர்களது புதல்விகள். மருத்துவக் கல்லூரிக்கு நிதி திரட்டித் தருகிறோம், ஆனால் பெண்களை ஆண்களோடு சம நிபந்தனையில் சேர்க்க வேண்டும் என்றார்கள். நிதி போதாமல் போனபோது, 1892 இறுதியில், கறற் தன் சொந்தச் சொத்திலிருந்து மூன்று இலட்சம் டொலருக்கும் மேல் கொடுத்தார். கொடுத்தபோது இன்னொரு நிபந்தனையையும் சேர்த்தார்: உள்ளே வருபவர் முதலில் ஒரு பட்டதாரியாக இருக்க வேண்டும், பௌதிகவியல், இரசாயனம், உயிரியல் கற்றிருக்க வேண்டும், பிரெஞ்சும் ஜேர்மனும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தத் தராதரங்கள் கறற்றின் சொந்தக் கற்பனையல்ல. நோயியல் பேராசிரியர் வில்லியம் வெல்ச் சில வருடங்களுக்கு முன் வரைந்து வைத்திருந்த இலட்சியத் திட்டத்திலிருந்தே அவை எடுக்கப்பட்டன. வெல்ச் அதைக் காகிதத்தில் எழுதியபோது அது நடைமுறைக்கு வருமென்று எண்ணவில்லை. காசு கொடுத்தவர் அதை நிபந்தனையாக்கியபோது அவரே கலங்கினார். இவ்வளவு தகுதியோடு எந்த மாணவன் வருவான்? அவருடைய சகாவான வில்லியம் ஒஸ்லர், நாங்கள் பேராசிரியர்களாக உள்ளே வந்தது நல்லதாய்ப் போயிற்று, மாணவர்களாக வந்திருந்தால் இருவருக்கும் இடம் கிடைத்திராது என்று பகிடியாகச் சொன்னது பிரசித்தம். 1893இல் கல்லூரி திறந்தபோது வந்தவர்கள் பதினெட்டுப் பேர். அவர்களில் மூவர் பெண்கள்.

இந்த நிகழ்வின் இரண்டு பக்கங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பெண்களுக்குக் கதவு திறந்ததும், பட்டதாரி அல்லாதோருக்குக் கதவு மூடியதும் ஒரே கையெழுத்தில், ஒரே பத்திரத்தில் நடந்தன. பெண்கள் வந்தால் தரம் தாழும் என்றவர்களுக்கு, தரத்தையே உயர்த்திக் காட்டுகிறோம் என்ற பதிலாகவும் அதை வாசிக்கலாம். ஒடுக்கப்பட்ட ஒரு பிரிவினர் தமக்குக் கதவு திறக்கும்போது அதே கதவைப் பிறருக்கு இறுக்கிவிடுவது வரலாற்றில் அரிதான காரியமல்ல.

கிறீன் விஞ்ஞானத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஹொப்கின்ஸ் மாணவனை ஜேர்மன் மொழிக்குப் போகச் சொன்னது. அக்காலத்து ஆய்வுகூட மருத்துவத்தின் மொழி ஜேர்மன் என்பதால் அதற்கு நியாயம் இருந்தது. இன்று பட்டியலில் ஜேர்மனும் இல்லை, பிரெஞ்சும் இல்லை. அவை எப்போதோ சத்தமின்றி உதிர்ந்துவிட்டன. ஒரு காலத்தில் இன்றியமையாதது என்று எழுதப்பட்டவை உதிரக்கூடியவை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

3. ஒரு பள்ளிக்கூட ஆசிரியரின் அறிக்கை

ஹொப்கின்ஸ் ஒரு விதிவிலக்காகவே இருந்திருக்கலாம். அதை விதியாக்கியவர் ஏபிரகாம் பிளெக்ஸ்னர். கென்ரக்கி மாநிலத்தின் லூயிவில் நகரத்தில், குடியேறி வந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பன் தொப்பி வியாபாரி. மருந்துக்கடை வைத்திருந்த மூத்த சகோதரன் ஜேக்கப் கொடுத்த காசில் ஹொப்கின்ஸ் போய் 1886இல் பட்டம் பெற்றார். அவர் வைத்தியரல்லர், ஊரில் பள்ளிக்கூடம் நடத்தியவர். கார்னகி நிறுவனம் அமெரிக்க, கனடிய மருத்துவக் கல்லூரிகளை ஆராயும் பணியை அவரிடம் ஒப்படைத்தது.

பிளெக்ஸ்னர் 155 கல்லூரிகளைச் சென்று பார்த்தார். 1910இல் அவருடைய அறிக்கை வெளிவந்தது. ஒவ்வொரு கல்லூரியிலும் அவர் முதலில் கேட்டது நுழைவுத் தகுதி என்ன என்பது. உயர்தரப் பாடசாலைப் படிப்பு 'அல்லது அதற்குச் சமமானது' என்று கையேடுகள் சொல்லும். அந்தச் 'சமமானது' என்ற சொல்லுக்குள்ளால் எவரும் நுழையலாம் என்பதை மாணவர்களின் பத்திரங்களை எடுத்துப் பார்த்து அவர் கண்டுகொண்டார். ஐயோவா மாநிலத்தில் ஒரு கல்லூரியில் உடற்கூற்றியல், உடற்றொழிலியல் என்று பெயர்ப் பலகை தொங்கிய கதவுகள் யாவும் பூட்டியிருந்தன. திறப்பு இல்லை என்றார்கள். விடைபெற்றுப் போனவர் திரும்பி வந்து காவற்காரன் கையில் ஐந்து டொலர் வைத்துத் திறப்பித்துப் பார்த்தால், உள்ளே வாங்குகளும் ஒரு கரும்பலகையும் தவிர எதுவுமில்லை. இதை அவர் தன் சுயசரிதையில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

155 கல்லூரிகளில் இரண்டு வருடப் பல்கலைக்கழகக் கல்வியையாவது கேட்டவை பதினாறு மட்டுமே என்று அறிக்கை கூறியது. இரசாயனம், உயிரியல், பௌதிகவியல் ஆகியவற்றை உள்ளடக்கிய இரண்டு வருடங்கள் எல்லோருக்கும் பொதுவான அடித்தளமாக வேண்டும். கல்லூரிகளை 31 ஆகக் குறைக்க வேண்டும் என்பது அவரது சிபாரிசு. நவீன மருத்துவம் ஆய்வுகூடத்தில் நிற்கிறது, ஆய்வுகூடத்தின் மொழி தெரியாதவனுக்கு மருத்துவக் கல்லூரியின் முதல் வருடமே வீணாகும் என்பது அவரது வாதம். அது பலமான வாதம். அறிக்கைக்கு முன்பே அமெரிக்க மருத்துவச் சங்கம் 1904இல் ஒரு கல்விக் குழுவை அமைத்து இதே திசையில் நகர்ந்துகொண்டிருந்தது. 1918 அளவில் முதல்தரக் கல்லூரி என்ற அங்கீகாரத்துக்கு இரண்டு வருட முன்படிப்பு கட்டாயமாயிற்று. மாநிலங்களின் அனுமதிப்பத்திரச் சட்டங்களும் றொக்பெல்லர் பணமும் மீதியைச் செய்தன. 1904இல் 160 ஆக இருந்த கல்லூரிகள் 1920இல் 85 ஆகவும், 1930களின் நடுப்பகுதியில் 66 ஆகவும் சுருங்கின.

இதனால் விளைந்த நன்மையை மறுப்பது நேர்மையாகாது. காசுக்குப் பட்டம் விற்ற கூடாரங்கள் மூடப்பட்டன. பிணத்தையே தொடாமல் சத்திரவைத்தியன் ஆவது முடியாமற் போயிற்று. அம்மம்மாவின் கேள்விக்கு விடையின் ஒரு பாதி இது: பட்டியலை எழுதியவர்கள் நோயாளியின் உயிரைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள்.

4. வெளியே நின்றவர்கள்

மறுபாதி வேறு. 1910இல் கறுப்பின மாணவர்களுக்கென ஏழு மருத்துவக் கல்லூரிகள் இருந்தன. ஏனைய கல்லூரிகளில் மிகப் பெரும்பாலானவை அவர்களைச் சேர்க்கவில்லை. ஏழில் ஹோவார்ட், மெஹாரி ஆகிய இரண்டை மட்டும் காப்பாற்றினால் போதும் என்றது அறிக்கை. 1920களின் ஆரம்பத்தில் அந்த இரண்டே எஞ்சின. கறுப்பின மருத்துவர் தம் இனத்தவர்க்கே, அதிலும் சத்திரசிகிச்சையை விடச் சுகாதாரத்தையே முதன்மையாகக் கொண்டு பணிபுரிய வேண்டும் என்று பிளெக்ஸ்னர் எழுதினார். கறுப்பினத்தவரின் நோய் வெள்ளையருக்குத் தொற்றும் என்பதையும் ஒரு காரணமாக அவர் சொல்லத் தயங்கவில்லை.

மூடப்பட்ட ஐந்து கல்லூரிகளும் தொடர்ந்து இயங்கியிருந்தால் 2019 வரைக்கும் முப்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அவற்றில் பட்டம் பெற்றிருக்கக்கூடும் என்று 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அமெரிக்க மக்கள்தொகையில் ஏறத்தாழ 13 சதவீதமாக உள்ள கறுப்பினத்தவர் மருத்துவர்களிடையே இன்னும் 6 சதவீதமளவில்தான் இருக்கிறார்கள். அதே 2020இல் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் தன் உயர் விருது ஒன்றிலிருந்து பிளெக்ஸ்னரின் பெயரை நீக்கியது.

பெண்களுக்கும் இதுவே நடந்தது. ஹொப்கின்ஸ் கதவைத் திறந்ததைக் காட்டி, பெண்களுக்கெனத் தனிக் கல்லூரிகள் இனித் தேவையில்லை என்றார்கள். அவை ஒவ்வொன்றாக மறைந்து, 1850இல் தொடங்கிய பென்சில்வேனியப் பெண்கள் மருத்துவக் கல்லூரி மட்டுமே எஞ்சியது. அதுவும் 1970இல் ஆண்களைச் சேர்த்துக்கொண்டது. திறந்ததாகச் சொல்லப்பட்ட பொதுக் கதவுக்குள்ளால் பல பத்தாண்டுகளாக ஒரு சிலரே போனார்கள். புதிதாக மருத்துவக் கல்லூரியில் சேர்வோரில் பெண்கள் பாதியைத் தாண்டியது 2017இல்தான்.

ஏழைகளைப் பற்றி அறிக்கை ஒளிவுமறைவின்றிப் பேசியது. பகலில் வேலை செய்து இரவில் படிக்கும் ஏழைப் பையனுக்கும் வாய்ப்பு வேண்டாமா என்று சிறு கல்லூரிகள் வாதிட்டன. சமுதாயத்துக்கு நன்மையாக இருந்தாலன்றி ஏழைப் பையனுக்கு மருத்துவனாகும் உரிமை எதுவும் கிடையாது என்ற பொருளில் பிளெக்ஸ்னர் பதிலளித்தார். சகோதரனின் மருந்துக்கடைக் காசில் படித்த ஒருவர் இதை எழுதினார் என்பது வரலாற்றின் முரண்.

யூதர்களின் கதை எமக்கு இன்னும் நெருக்கமானது. 1920களில், குடியேறிய யூதர்களின் பிள்ளைகள் பட்டியலின் ஒவ்வொரு வரியையும் நிறைவேற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள். புள்ளிகளில் குறை சொல்ல முடியவில்லை. அப்போது பட்டியலில் எழுதப்படாத வரிகள் முளைத்தன. குணநலன், தோற்றம், குடும்பப் பின்னணி, நேர்முகம். பல முன்னணிக் கல்லூரிகள் யூதர்களுக்கு மறைமுகமான உச்சவரம்பு வைத்திருந்தன. இடம் கிடைக்காத அமெரிக்க யூத மாணவர்கள் 1930களில் கடல் கடந்து ஸ்கொத்லாந்துக்குப் போய்ப் படித்தார்கள். புள்ளிகள் போதும், ஆனால் ஆள் போதாது என்று சொல்லப்படுவதன் பொருள் அறிந்த வாசகர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

5. களையெடுப்பு

மாணவரைத் தேர்வதற்கான பரீட்சை வந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 1920களில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து இடைநடுவில் விலகுவோர் தொகை சில இடங்களில் 5 சதவீதம், சில இடங்களில் 50 சதவீதம். முன்கூட்டியே தெரிந்து தேர்ந்தெடுக்க 1928இல் மொஸ் என்பவர் ஒரு சோதனையை வகுத்தார். அதன் வழித்தோன்றலாக 1940களின் பிற்பகுதியில் வந்ததுதான் எம்கற். ஆரம்ப எம்கற்றில் நவீன சமுதாயத்தைப் புரிந்துகொள்ளல் என்றொரு பகுதி இருந்தது. பின்னர் அது பொது அறிவாகி, 1977இல் முற்றாக நீங்கியது. 2015இல் உளவியலும் சமூகவியலும் புதிய பெயரில் திரும்பி வந்தன. சமுதாயம் ஒரு வைத்தியனுக்குத் தேவையா இல்லையா என்பதில் ஒரு பரீட்சைக்கே பல பத்தாண்டுகளாகத் தீர்மானமில்லை.

இதற்கிடையில் பட்டியலின் செயற்பாடு மாறிவிட்டது. பிளெக்ஸ்னரின் நோக்கில் இரசாயனம் ஓர் அடித்தளம். இடங்கள் குறைந்து விண்ணப்பங்கள் பெருகியபோது அதே இரசாயனம் ஒரு சல்லடை ஆயிற்று. நூற்றுக்கணக்கானோர் அமர்ந்திருக்கும் மண்டபத்தில் சேதன இரசாயனம் கற்பிக்கப்படுவது அதை எல்லோரும் விளங்கிக்கொள்வதற்காக அல்ல, சிலர் வெளியேறுவதற்காக என்பதை மாணவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். வெளியேறுவது யார்? ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பார் என்பவரும் சகாக்களும் செய்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. மருத்துவத்தில் ஆர்வத்தோடு வந்து முதல் இரு வருடங்களில் அதைக் கைவிட்டவர்களில் பெண்களும் சிறுபான்மை இனத்தவரும் கூடுதலாக இருந்தனர்; அவர்கள் காட்டிய முதன்மைக் காரணம் இரசாயன வகுப்புகளின் அனுபவம். நல்ல பாடசாலையிலிருந்து வந்தவனுக்கு அது மீட்டல். வசதியற்ற பாடசாலையிலிருந்து வந்தவளுக்கு அதுவே முதல் அறிமுகம். இருவரையும் ஒரே தராசில் வைத்து, நிறை குறைந்தது அவளது திறமையின் குறை என்று எழுதிவிடுகிறோம்.

6. விரிசல்கள்

பட்டியலை உள்ளிருந்தே கேள்வி கேட்டவர்கள் உண்டு. அதன் சிற்பியான பிளெக்ஸ்னரே 1925இல் வெளியிட்ட நூலில் அமெரிக்க மருத்துவக் கல்வியின் விறைப்பான பாடத்திட்டத்தைக் கண்டித்தார். 1978இல் மருத்துவரும் எழுத்தாளருமான லூயிஸ் தோமஸ், தன்னை 'முன்மருத்துவ மாணவன்' என்று அழைத்துக்கொள்பவனின் விண்ணப்பத்தை அடுக்கின் அடியில் போட வேண்டும் என்று பாதி பகிடியாகவும் பாதி உண்மையாகவும் எழுதினார். அந்த அடையாளமே பல்கலைக்கழகத்தின் ஏனைய கல்வி யாவற்றையும் கெடுக்கிறது என்பது அவரது கவலை. பண்டைய கிரேக்க மொழியை முன்படிப்பின் மையமாக வைக்கலாம் என்றும் அவர் சொன்னார்.

எழுதியதோடு நிற்காமல் செய்தும் பார்த்தார்கள். கனடாவில் 1969இல் முதல் மாணவர்களைச் சேர்த்த மக்மாஸ்ரர் மருத்துவ பீடம், குறிப்பிட்ட விஞ்ஞானப் பாடங்கள் கட்டாயம் என்ற நிபந்தனையை வைக்கவில்லை. நியூயோர்க்கின் மவுண்ட் சைனாய் கல்லூரி 1987இல், இலக்கியமும் வரலாறும் படிப்போரை எம்கற் இன்றி, வழமையான பௌதிகவியல், சேதன இரசாயனத் தொடர்கள் இன்றிச் சேர்க்கும் திட்டமொன்றைத் தொடங்கியது. அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்ற ஒப்பீடு 2010இல் வெளிவந்தது. அனுமதிப்பத்திரப் பரீட்சையின் முதற்படியில் சிறிது பின்தங்கினார்கள். நோயாளியின் கட்டிலருகே வந்தபோது ஏனையோருக்கும் அவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. 2009இல் மருத்துவக் கல்லூரிகளின் சங்கமும் ஹோவார்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, பாடங்களின் பெயரைக் கேட்பதை விட்டு மாணவருக்கு என்ன விளங்கியிருக்கிறது என்று கேளுங்கள் என்றது.

இவற்றைக் கொண்டு இரசாயனம் வேண்டாம் என்ற முடிவுக்குப் போவது சிறுபிள்ளைத்தனம். மருந்து உடலில் என்ன செய்கிறது என்பதை அறியாத வைத்தியரிடம் எவரும் போகமாட்டோம். என் வாதம் இவ்வளவுதான்: மருத்துவத்துக்கு அறிவு தேவை என்பது ஒன்று, அந்த அறிவை இந்த வரிசையில், இந்த வயதில், இந்த விலையில்தான் பெற வேண்டும் என்பது வேறொன்று. பிரித்தானியாவிலும் இலங்கையிலும் பாடசாலையிலிருந்து நேரே மருத்துவ பீடத்துக்குப் போகிறார்கள். அமெரிக்காவில் நான்கு வருடப் பட்டம், பிறகு நான்கு வருட மருத்துவம், பிறகு பயிற்சி. இரண்டு வழியாலும் நல்ல வைத்தியர்கள் வந்திருக்கிறார்கள்.

7. எமது கேள்வி

இனி எம்மைப் பற்றி. 1971இல் மருத்துவ அனுமதிக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளியும் சிங்கள மொழி மூல மாணவருக்கு 229 புள்ளியும் தேவைப்பட்டன. அந்த இரு எண்களும் ஒரு தலைமுறையின் அரசியலைத் தீர்மானித்தன. அந்த அநீதியிலிருந்து நாம் பெற்றுக்கொண்ட பாடம், புள்ளியே நீதி, புள்ளியைத் தவிர வேறெதையும் பார்ப்பது அநீதி என்பது. அந்தப் பாடத்தைப் பொதிந்து கட்டிக்கொண்டு கடல் கடந்தோம். எனவேதான் அமெரிக்காவில் டேவிஸ் மருத்துவக் கல்லூரியின் நூறு இடங்களில் பதினாறைச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கியதை உயர்நீதிமன்றம் 1978இல் பாக்கி வழக்கில் செல்லாதென்றதும், 2023இல் அனுமதியில் இனத்தைக் கருதுவதையே தடுத்ததும் எமது வீடுகள் பலவற்றில் வெற்றிச் செய்திகளாகவே கேட்கப்பட்டன.

ஆனால் எமது வரலாறு அவ்வளவு நேர்கோடானதா? மொழி அடிப்படையில் ஒரு சிறுபான்மைக்கு வாசற்படியை உயர்த்தியது பச்சை அநீதி. 1974இல் வந்த மாவட்டக் கோட்டா யாழ்ப்பாணத்தின் இடங்களை வெட்டியது என்பதும் உண்மை. அதே கோட்டா, புகழ்பெற்ற கல்லூரிகளோ ஆய்வுகூடங்களோ இல்லாத மன்னாரிலும் வவுனியாவிலும் இருந்த தமிழ்ப் பிள்ளைக்கு முன்னர் இல்லாத ஒரு வாய்ப்பைத் தந்தது என்பதும் உண்மை. யாழ்ப்பாணத்து நல்ல பாடசாலைகளின் கதவுகள் எல்லாச் சாதியினருக்கும் ஒரேயளவு திறந்திருந்தனவா என்ற கேள்வியையும் நாம் கேட்டாக வேண்டும். புள்ளி என்பது திறமையை மட்டும் அளக்கவில்லை. பிள்ளை எங்கே பிறந்தது, எந்த மேசையில் இருந்து படித்தது என்பதையும் சேர்த்தே அளந்தது. பிளெக்ஸ்னரின் பட்டியலும் அதையே செய்தது.

இன்னொன்று. நாம் 'மருத்துவத்துறை' என்று சொல்லும்போது வைத்தியர் என்ற ஒரு சொல்லை மட்டுமே நினைக்கிறோம். பிளெக்ஸ்னருக்குப் பின் தாதியர் கல்விக்கு 1923இல் கோல்ட்மார்க் அறிக்கையும் பல்வைத்தியத்துக்கு 1926இல் கீஸ் அறிக்கையும் வந்தன. ஒவ்வொரு தொழிலும் தனக்கான முன்படிப்பை வகுத்துக்கொண்டது. எமது வீடுகளில் அவை யாவும் 'மருத்துவம் கிடைக்காவிட்டால்' என்ற சொற்றொடரின் பின்னால்தான் வருகின்றன. புகலிட நாடுகளில் எமது முதியவர்களைத் தூக்கிக் குளிக்க வார்ப்பதும் மருந்து கொடுப்பதும் பெரும்பாலும் வைத்தியர்கள் அல்லர். அந்தக் கைகளுக்கு எமது மரியாதை எப்போது கிடைக்கும்?

பட்டப்படிப்பைத் திட்டமிடுவது என்றால் சதுரங்களுக்குச் சரி போடுவதுதானா? பட்டியலைக் கிழித்தெறி என்று அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் நட்டம் அவளுக்குத்தான். வாசலில் நிற்பவள் அவள், கட்டுரை எழுதுகிறவன் நான். அவளோடு இருந்து வேறொரு காரியம் செய்தோம். ஒவ்வொரு வரியும் எந்த வருடத்தில், யாருடைய காரணத்தால் வந்தது என்று தேடிப் பார்த்தோம். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்தத் தேடலில் கிடைத்ததுதான். முடிவில் அவள் எல்லா விஞ்ஞானப் பாடங்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, முதன்மைப் பாடமாக வரலாற்றை எடுத்தாள். பட்டியலின் எந்த வரியும் அதைத் தடுக்கவில்லை. விதி என்று வீட்டார் நம்பியிருந்த பாதி, வெறும் வழக்கமாகவே இருந்தது. தகப்பனுக்கு இது பிடிக்கவில்லை; அந்த வீட்டில் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. அம்மம்மாவோ, "அப்ப உது மாத்தலாம்தானே" என்று மட்டும் சொன்னார்.

மாற்றலாம். ஆனால் மாற்றும்போது யாருக்காக மாற்றுகிறோம் என்ற கேள்வி எஞ்சுகிறது. எமது பிள்ளைகள் உள்ளே போனதும் கதவை இறுக்கிக்கொள்ளப் போகிறோமா, அல்லது 1971இன் நினைவை வாசலுக்கு வெளியே நிற்கும் மற்றவர்களின் பக்கமும் திருப்பப் போகிறோமா? இதில் என்னோடு முரண்படுகிறவர்கள் பலர் இருப்பார்கள் என்று தெரியும். அவர்களும் எழுத வேண்டும்.